கோழிக்கு இழுப்பு: அந்த முதல் நாள்

தீவனக் கடைக்கு ஓடி மருந்துப் பொடி வாங்குவோம். அல்லது வந்த விலைக்குத் தள்ளிவிடுவோம். வீட்டுக் கோழிக்கு மூச்சுக் கோளாறு வந்தால் நாம் செய்வது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். இரண்டிலும் லாபம் நோய்க்கே. ஜொகூரில் கோழி வளர்க்கும் குடும்பங்களுக்காக ஒரு சிறப்புப் பார்வை.

2022 ஜூன் 1 அன்று மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. மாதம் 36 லட்சம் கோழிகள் வரை வெளிநாட்டுக்குப் போன வழி ஒரே நாளில் அடைபட்டது. ஜொகூர் கடற்பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போகும் கோழி லாரிகள் நின்றன. அங்கே சிக்கன் ரைஸ் கடைக்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். அந்த ஆண்டுக் கடைசியில் இங்கே முட்டைக்கே தட்டுப்பாடு வந்து, நாமக்கல் முட்டை கப்பலேறி மலேசியாவுக்கு வந்தது. 2023 நவம்பரில் கோழிக்கான மானியம் போனது. 2025 ஆகஸ்டில் முட்டை மானியமும் போனது.

இப்படி ஒவ்வொரு செய்தி வரும்போதும், "பின்னால் இடம் இருக்கிறதே, நாலு கோழி விட்டால் என்ன?" என்ற பேச்சு வீட்டில் எழும். குளுவாங், சிகாமட், கூலாய் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது பழகிய வேலை. லயத்து வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூடு இல்லாத தோட்டம் ஏது? தாமானுக்குக் குடிவந்த பிறகும் அந்தக் கை சும்மா இருப்பதில்லை. பத்துக் கம்பத்துக் கோழி, ஒரு சேவல், நாலு பலகை, கொஞ்சம் கம்பிவலை. பேரப்பிள்ளைக்கு நாட்டு முட்டை கிடைத்துவிடும்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும். ஒருநாள் இரவு கொட்டகையில் ஒரு கோழி தும்மும். இன்னொன்று கரகரவென்று இழுக்கும். பொழுது விடிந்தால் ஒன்று கண்ணை மூடிக்கொண்டு, இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நிற்கும். சோம்பி உட்காரும் பிள்ளையைச் 'சீக்கு வந்த கோழி' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் திட்டுவது இந்தக் கோலத்தைப் பார்த்துத்தான்.

அந்த ஒருநாளில் வளர்ப்பவர் எடுக்கும் முடிவு அவருடைய பத்துக் கோழிகளோடு முடிவதில்லை. அடுத்த வீட்டுக் கொட்டகை, அந்தக் கம்பம், நாலு மைல் தள்ளி லட்சக்கணக்கில் கோழி நிற்கும் பண்ணை என்று அது நீளும். நாட்டின் முக்கியமான கோழி, முட்டை உற்பத்தி மாநிலங்களில் ஜொகூர் ஒன்று. இங்கே வீட்டுக் கோழியின் சளியை வீட்டு விஷயமாக மட்டும் பார்க்க முடியாது.

கோழி மூச்சு விடும் விதம்

கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. அதன் நுரையீரல் விரிந்து சுருங்குவதும் இல்லை. முதுகெலும்போடு ஒட்டி, ஏறக்குறைய அசையாமல் கிடக்கிறது. காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளுவது காற்றுப் பைகள். கழுத்தடி, மார்பு, வயிறு என்று உடம்பு முழுக்க அவை பரவியிருக்கின்றன. சில எலும்புகளுக்குள்ளும் அவற்றின் கிளைகள் புகுந்திருக்கின்றன. மூக்கில் நுழைந்த கிருமி வயிறு வரைக்கும் போக வழி திறந்தே இருக்கிறது. காற்றுப் பைகளில் இரத்த ஓட்டம் குறைவு என்பதால், அங்கே சீழ் கட்டிவிட்டால் மருந்து போய்ச் சேருவதும் கடினம். மனிதருக்குச் சளி நாலு நாளில் போய்விடும் என்ற கணக்கைக் கோழிக்குப் போடக் கூடாது என்பது இதனால்தான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. உடம்புச் சூடே ஏறத்தாழ 41 டிகிரி. ஜொகூர் வெயிலில் மத்தியானம் இரண்டு மணிக்கு அது வாயைத் திறந்து, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கிக்கொண்டு மூச்சிரைத்தால், உடம்பைக் குளிர்வித்துக்கொள்கிறது என்று பொருள். எல்லாக் கோழிகளும் ஒரே நேரத்தில் அப்படி நின்று, நிழலும் தண்ணீரும் கிடைத்ததும் அடங்கிவிட்டால் அது வெயில். குளிர்ந்த விடியற்காலையிலும் வாய் மூடாமல், கழுத்தை நீட்டி, மூச்சுக்கு மூச்சு சத்தத்தோடு இழுத்தால் அது நோய்.

இருட்டில் கேளுங்கள், வெளிச்சத்தில் பாருங்கள்

பகலில் கோழி தன் நோயை மறைக்கும். இரை தின்னும் பாவனை காட்டும். ஆள் பக்கத்தில் வந்தால் சுறுசுறுப்பாகும். அதனால் காது கொடுக்க ஏற்ற நேரம் இரவு. கோழிகள் பரணில் ஏறி அடைந்து அரைமணி நேரம் கழித்து, விளக்கைப் போடாமல், பேசாமல், கொட்டகையை ஒட்டி ஐந்து நிமிடம் நில்லுங்கள். எத்தனை கோழி தும்முகிறது, எது இழுக்கிறது, எது குறட்டை மாதிரி ஈரச் சத்தம் போடுகிறது என்று அப்போது தெரியும். ஒரு கோழியா, பாதிக் கொட்டகையா என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது.

மறுநாள் காலையில் சந்தேகப்பட்ட கோழியை ஒரு பழைய துண்டில் சுற்றிக் கையில் எடுங்கள். முகக் கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் தோள்பட்டை இறகைப் பாருங்கள். மூக்கு ஒழுகும் கோழி தன் மூக்கை அங்கேதான் துடைக்கும். இறகு பிசுபிசுத்து அழுக்கேறி இருந்தால், நீங்கள் பார்க்காத நேரத்திலெல்லாம் அது ஒழுகியிருக்கிறது. அடுத்து மூக்குத் துவாரம். தீவனத் தூள் ஒட்டிக் காய்ந்திருக்கிறதா? கண் மூலையில் சோப்பு நுரை மாதிரிக் குமிழ் இருக்கிறதா? கண்ணுக்குக் கீழே வீங்கியிருக்கிறதா? முகத்தருகே மோந்து பார்க்க வேண்டிய அவசியமே இருக்காது. சில நோய்களில் நாற்றம் தானாகவே வரும்.

அலகைக் கட்டைவிரலால் மெதுவாகத் திறந்து, கைப்பேசி விளக்கை உள்ளே காட்டுங்கள். தொண்டையில் மஞ்சளாகத் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தால் சுரண்டாதீர்கள், இரத்தம் கொட்டும். பிறகு கோழியைத் திருப்பி வால் பக்க இறகைப் பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்த கறை இருக்கிறதா? கொண்டையும் தாடியும் நீலம் பாய்ந்திருக்கின்றனவா? காலில் செதிலுக்கு அடியில் இரத்தப் புள்ளிகள் தெரிகின்றனவா? நெஞ்செலும்பு கத்தி மாதிரிக் கையில் குத்தினால், அந்தக் கோழி பல நாளாகவே தின்னவில்லை.

கண்டதையெல்லாம் தேதியோடு எழுதி வையுங்கள். படம் எடுத்து வையுங்கள். இழுப்புச் சத்தத்தையும் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். கால்நடை மருத்துவருக்கு, "என்னவோ சளி சார்" என்ற ஒரு வரியைவிட இவை பத்து மடங்கு உதவும்.

சத்தம் ஒன்று, சந்தேகம் ஒன்பது

கோழியின் மூச்சுக் கோளாறுக்குக் காரணங்கள் பல. வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரி. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நடை உண்டு.

மெதுவாக வந்து, வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டு, கண்ணில் நுரை தள்ளி, கோழி இளைத்துக்கொண்டே போனால் மைக்கோபிளாஸ்மா கிருமியால் வரும் நாள்பட்ட சளி நோயாக இருக்கலாம். சாவு குறைவு. ஆனால் ஒருமுறை தொற்றிய கோழி கிருமியைச் சுமந்துகொண்டே திரியும். முட்டை வழியாகக் குஞ்சுக்கும் கொடுக்கும். வெளித்தோற்றத்துக்குத் தேறிவிட்ட சேவலை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தால் நோயும் கூடவே போகும்.

ஒன்று முதல் மூன்று நாளுக்குள் முகம் வீங்கி, மூக்கில் கெட்ட நாற்றத்தோடு சளி ஒழுகினால் கொரைசா. மழைக்காலத்து நெரிசலில் இது வேகமாகப் பரவும்.

நேற்று ஒன்று தும்மியது, இன்று கொட்டகையே தும்முகிறது, முட்டை ஓடு சுருங்கிக் கோணலாக வருகிறது, உடைத்தால் வெள்ளைக்கரு தண்ணீராக ஓடுகிறது என்றால் தொற்று மூச்சுக்குழல் அழற்சியாக இருக்கலாம். இதைக் கொண்டுவருவது ஒரு கொரோனா வைரஸ். மனிதர்கள் கோவிட் என்ற பெயரைக் கேள்விப்படுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, 1931இல், அமெரிக்காவில் இந்தக் கோழி நோய் பதிவாகிவிட்டது. மனிதருக்கு இது தொற்றாது.

கோழி கழுத்தை உயர நீட்டி இருமும்போது சுவரில் இரத்தம் தெறித்தால் குரல்வளை அழற்சி நோயைச் சந்தேகிக்க வேண்டும். தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தால் அம்மையின் உள்வகை, கொசு கொண்டுவருவது. புழுங்கி நாறும் மரத்தூளில் கிடந்த குஞ்சுகள் சத்தமே இல்லாமல் வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் பூஞ்சை. மண்புழு பொறுக்கித் தின்னும் கோழிகளின் மூச்சுக்குழாயில் சிவப்பு நூல்போல ஒரு புழுவும் குடியேறும்.

இவையெல்லாம் வளர்ப்பவரின் கவலை. ஊருக்கே கவலை தரும் நோய்கள் இரண்டு. ஒன்று, தமிழ்நாட்டில் வெள்ளைக்கழிச்சல், ராணிக்கெட் என்றும், இங்கே மலாய்க்காரர்கள் சம்பார் என்றும் சொல்லும் நியூகாசல் நோய். இழுப்போடு பச்சைக் கழிச்சல், கழுத்து முறுக்கிக்கொள்வது, கால் இறக்கை வாதம், அடுத்தடுத்துச் சாவு. தடுப்பு மருந்து காணாத கொட்டகையில் கொடிய வகை புகுந்தால் ஒன்றுகூட மிஞ்சாமல் போகலாம். மற்றொன்று பறவைக் காய்ச்சல். தலை வீங்கி, கொண்டை நீலமாகி, பல சமயம் அறிகுறி எதுவும் காட்டாமலே காலையில் செத்துக் கிடக்கும்.

இந்த இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல அனுபவம் பழுத்த மருத்துவராலும் முடியாது. ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும்.

தள்ளிவிடும் கை

"சாவதற்கு முன்னால் வந்த விலைக்கு வித்துடு." கோழி வளர்ப்பில் இதைவிட ஆபத்தான அறிவுரை கிடையாது. ஏன் என்பதற்கு மலேசியாவிடமே ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. அது கோழிப் பாடமல்ல, பன்றிப் பாடம்.

1998இல் ஈப்போ சுற்றுவட்டாரப் பன்றிப் பண்ணைகளில் விலங்குகள் இருமின. ஆட்கள் மூளைக் காய்ச்சலில் விழுந்தார்கள். கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று முதலில் நினைத்தார்கள். கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். இதற்கிடையே, நோய் கண்ட பகுதியிலிருந்த பன்றிகளை உரிமையாளர்கள் அவசர அவசரமாக விற்றார்கள். லாரியேறிய பன்றிகளோடு நோயும் தெற்கே நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலண்டோக்கிற்குப் போனது. அங்கிருந்து இறைச்சிக்கூடம் வழியாகச் சிங்கப்பூரையும் எட்டியது. அங்கே 11 பேருக்குத் தொற்றி, ஒருவர் இறந்தார். அது நிப்பா என்ற புதிய வைரஸ் என்று 1999இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் கண்டுபிடிப்பதற்குள் காலம் கடந்திருந்தது. மலேசியாவில் 265 பேருக்கு நோய். 105 பேர் மரணம். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன.

தப்பான பெயர் சூட்டி வைத்தியம் பார்த்ததும், பயந்து விற்றதும் சேர்ந்து செய்த வேலை அது. இன்று ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், தும்மும் கோழியைக் காலைக் கட்டிக் கொண்டுபோய் உட்காருபவர் செய்வதும் அளவில் சிறிய அதே காரியம். அந்தக் கூண்டுக்குப் பக்கத்துக் கூண்டில் இருக்கும் கோழி, மாலையில் வேறொரு கம்பத்துக்குப் போகிறது.

பறவைக் காய்ச்சலின் மலேசிய வரலாறும் கம்பத்துக் கோழியின் வரலாறுதான். 2004 ஆகஸ்டில் கிளந்தான், தும்பாட்டில் உள்ள பாசிர் பெக்கான் கிராமத்தில் எச்5என்1 முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. எல்லை தாண்டிக் கடத்தி வந்த சண்டைச் சேவல்கள் மேல்தான் அப்போது சந்தேகம் விழுந்தது. ஒரு மூலைக் கிராமத்துச் செய்திக்குச் சிங்கப்பூர் மலேசியாவின் கோழியையும் முட்டையையும் நிறுத்தியது. கிளந்தானுக்கு எதிர்க் கோடியில் இருக்கும் ஜொகூர்ப் பண்ணைகள், தங்கள் கொட்டகையில் ஒரு தும்மல்கூடக் கேட்காத நிலையில், வியாபாரம் இழந்தன. பிறகு 2006இல் கோலாலம்பூரை ஒட்டிய கோம்பாக், பேராக், பினாங்கு. 2007இல் சுங்கை பூலோவின் பாயா ஜெராஸ். 2017இல் மறுபடியும் கிளந்தான். பெரும்பாலும் பேச்சு வீட்டுக் கோழியில்தான் தொடங்கியது.

இந்த வைரஸ் மனிதரையும் தாக்கும் என்று உலகம் கண்டுகொண்டது 1997இல், ஹாங்காங்கில். 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்தார்கள். அங்கும் வழி, உயிர்க்கோழிச் சந்தை. நன்றாக வெந்த இறைச்சியால் ஆபத்தில்லை. ஆபத்து, சீக்குக் கோழியை அறுப்பதிலும், வெந்நீரில் முக்கி இறகு பிடுங்குவதிலும், குடலை அலசுவதிலும் இருக்கிறது. 'சாவதற்குள் குழம்பு வைத்துவிடலாம்' என்ற சிக்கனம் இங்கேதான் கையைச் சுடுகிறது.

மருந்துப் பொடியின் மயக்கம்

தீவனக் கடையில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ ஒரு பொட்டலம் கிடைக்கும். தண்ணீரில் கலக்கி வைத்தால் சில சமயம் கோழி தேறவும் தேறும். அதனால் மருந்தின் மேல் நம்பிக்கை ஏறிவிடுகிறது. டைலோசின், டாக்சிசைக்ளின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் மைக்கோபிளாஸ்மா, கொரைசா போன்ற பாக்டீரியா நோய்களுக்கு உதவும். வைரஸ் நோயில் அவற்றால் ஆகக்கூடியது, கூடவே ஒட்டிக்கொள்ளும் இரண்டாம் தொற்றைக் கொஞ்சம் அடக்குவது மட்டும்தான். நியூகாசல் நோயும் பறவைக் காய்ச்சலும் அவற்றைச் சட்டை செய்வதில்லை. மருந்து கொடுத்த மூன்று நாள் காத்திருப்பில் வைரஸ் இரண்டு தெரு தாண்டியிருக்கும்.

அந்த மருந்து முட்டையிலும் இறைச்சியிலும் தங்கும். கடைசி வேளை மருந்துக்குப் பிறகு இத்தனை நாள் முட்டை தின்னக் கூடாது, அறுக்கக் கூடாது என்று ஒவ்வொரு மருந்துக்கும் கணக்கு உண்டு. சில மருந்துகள் முட்டையிடும் கோழிக்கு ஆகவே ஆகாது. நாட்டு முட்டை என்று நம்பிப் பேரப்பிள்ளைக்குக் கொடுப்பவர், பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்காமல் விட்டால் என்ன பயன்? மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் மருந்தைக் கால்நடைத் தீவனத்தில் கலப்பதை மலேசியா 2019 ஜனவரி முதல் தடை செய்தது. அமெரிக்கா 2005இலேயே என்ரோஃப்ளாக்சசினைக் கோழிக்குக் கொடுக்கக் கூடாது என்று நிறுத்திவிட்டது. மருந்துக்கு அடங்காத கிருமி கோழியிலிருந்து மனிதனுக்கு வரும் என்ற பயம்தான் காரணம்.

பூண்டு, மஞ்சள், சின்ன வெங்காயம், வேப்பிலை? கொடுக்கலாம், தவறில்லை. தின்ன மறுக்கும் கோழியை அது தின்னத் தூண்டினால் நல்லது. ஆனால் கைவைத்தியம் செய்கிறோம் என்பதற்காகத் தனிமைப்படுத்துவதையும் தகவல் சொல்வதையும் தள்ளிப்போட்டால், மஞ்சள் பூசிய கையாலேயே நோயைப் பரப்புகிறோம்.

முதல் நாளில் செய்ய வேண்டியவை

ஒன்று: நோய்ப்பட்ட கோழியைத் தனியே பிரித்து, அங்கிருந்து மற்றவற்றின் மேல் காற்று வீசாத திசையில், மழையும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். பழைய பஞ்சாரமோ அட்டைப் பெட்டியோ போதும். காற்றோட்டம் இருக்க வேண்டும். ஆனால் நேராக வீசக் கூடாது.

இரண்டு: நலமாக இருக்கும் கோழிகளுக்கு முதலில் தீவனமும் தண்ணீரும் வையுங்கள், நோய்க் கோழியைக் கடைசியாகப் பாருங்கள். இரண்டுக்கும் தனித்தனிச் செருப்பு, தனித்தனித் தட்டு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிள்ளைகளையும், ஆஸ்துமா உள்ளவர்களையும் பக்கத்தில் விடாதீர்கள்.

மூன்று: கொட்டகைக் கதவைச் சாத்துங்கள். ஒரு கோழியும் வெளியே போகக் கூடாது. ஒன்றும் உள்ளே வரக் கூடாது. விற்பனை, அன்பளிப்பு, நேர்த்திக்கடன் சேவல், அடை வைக்க முட்டை எல்லாம் நிற்க வேண்டும். பக்கத்து வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் கோழியும் அதே மைனாவோடும் சிட்டுக்குருவியோடும் தீவனம் பகிர்ந்துகொள்கிறது.

நான்கு: ஒரு கோழி மட்டும், மெதுவான இழுப்பு, தின்கிறது என்றால் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வைத்தியம் பார்க்கலாம். இரண்டொரு நாளில் பல கோழிகளுக்குப் பரவினாலோ, அடுத்தடுத்துச் செத்தாலோ, பச்சைக் கழிச்சல், கழுத்து முறுக்கல், நீலக் கொண்டை தெரிந்தாலோ தாமதிக்காமல் மாவட்டக் கால்நடை மருத்துவச் சேவை இலாகாவுக்குச் சொல்லுங்கள். விலங்குகள் சட்டம் 1953இன்படி நோய்த் தகவல் சொல்வது வளர்ப்பவரின் கடமை. ஜொகூர் பாருவில் வட்டார ஆய்வுக்கூடமும், ஈப்போவில் தேசியக் கால்நடை ஆராய்ச்சிக் கழகமும் இருப்பது இதற்காகத்தான்.

ஐந்து: செத்த கோழியை வாய்க்காலிலும் செம்பனைக் காட்டிலும் எறியாதீர்கள். கையுறை போட்டு, இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ் பெட்டியில் வையுங்கள். உறையவிடக் கூடாது, உறைந்தால் பரிசோதனை கெடும். இலாகா வேண்டாம் என்று சொன்ன பிறகு ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

ஆறு: அடுத்த பத்து நாளில் உங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல், இருமல், கண் சிவப்பு வந்தால் கிளினிக்கில், "வீட்டுக் கோழி செத்தது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். நியூகாசல் வைரஸேகூடக் கையாண்டவர் கண்ணைச் சிவக்க வைக்கும்.

ஜொகூர்க் காற்றும் ஜொகூர் வெள்ளமும்

எல்லா இழுப்புக்கும் கிருமியே காரணம் என்றும் இல்லை. கோழி எச்சம் ஈரத்தில் ஊறினால் அம்மோனியா கிளம்பும். நின்றுகொண்டு பார்க்கும் நமக்கு அது தெரியாது. கோழியின் மூக்கு உயரத்துக்குக் குனிந்து உட்காருங்கள். கண் எரிந்தால், அந்தக் காற்றைத்தான் அது இரவு முழுக்க இழுக்கிறது. மூச்சுக்குழாயில் தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளும் மெல்லிய மயிரிழைகளை அம்மோனியா செயலிழக்க வைக்கும். காவல் இல்லாத வீட்டில் திருடன் நுழைவது போல, அதன் பிறகு எந்தக் கிருமியும் எளிதாக நுழையும்.

புகைமூட்டமும் அதே வேலையைச் செய்யும். 2013 ஜூன் 23 அன்று மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746ஐத் தொட்டு, மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டதை ஜொகூர்வாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். மனிதர்கள் கதவைச் சாத்தி வீட்டுக்குள் இருந்தார்கள். கம்பிவலைக் கூண்டில் இருந்த கோழிக்குச் சாத்தக் கதவு ஏது? புகைமூட்ட நாட்களில் கொட்டகையைப் பெருக்கித் தூசி கிளப்பாதீர்கள். தீவனத்தைச் சற்று நனைத்துக் கொடுங்கள். கோழிகளை விரட்டிப் பிடிக்காதீர்கள்.

2023 மார்ச்சில் பத்து பகாட், யோங் பெங், சிகாமட் வட்டாரங்களில் வாரக்கணக்கில் நின்ற வெள்ளம் இன்னொரு பாடம். தண்ணீர் வடிந்ததும் பழைய மரத்தூளையும் நனைந்த தீவன மூட்டையையும் வெயிலில் காயவைத்து மறுபடி பயன்படுத்தும் ஆசை வரும். பூஞ்சைக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. நனைந்ததை எறிந்துவிட்டு, தரையைக் கழுவிக் காயவிட்டு, சுண்ணாம்பு தூவிப் புதிய மரத்தூள் போடுவதுதான் முடிவில் மலிவு.

ஊருக்குக் கொடுத்த மருந்து, உள்ளூரில் எங்கே?

கம்பத்துக் கோழிக்கு நியூகாசல் தடுப்பு மருந்து கொண்டு சேர்ப்பது எப்படி என்ற கேள்விக்கு உலகுக்கே விடை தேடிய நாடுகளில் மலேசியாவும் ஒன்று என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1926இல் இங்கிலாந்தின் நியூகாசல் நகரிலும் அதே சமயத்தில் ஜாவாவிலும் பதிவான நோய் இது. அடுத்த ஓரிரு ஆண்டில் இந்தியாவின் ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டது. தடுப்பு மருந்து பிறகு வந்தது. ஆனால் குளிர்பெட்டியும் ஊசியும் வேண்டியிருந்ததால் அது பெரிய பண்ணைகளோடு நின்றுவிட்டது. மரத்தில் ஏறித் தூங்கும் கம்பத்துக் கோழியைப் பிடித்து ஊசி போடுவது யார்?

1980களில் மலேசிய விவசாயப் பல்கலைக்கழகத்தில், இன்றைய புத்ரா பல்கலைக்கழகத்தில், ஐனி இடெரிஸ், அப்துல் லத்திஃப் இப்ராஹிம் ஆகியோர் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் ஸ்ப்ராட்ப்ரோவோடு சேர்ந்து வேறு வழி பார்த்தார்கள். குயின்ஸ்லாந்தில் கிடைத்த, கோழிக்குத் தீங்கு செய்யாத வி4 என்ற வைரஸ் வகையிலிருந்து வெப்பம் தாங்கும் ஒரு வகையைத் தேர்ந்தெடுத்து, அதைத் தீவனக் குருணையில் பூசினார்கள். கோழி தின்றால் போதும். தின்னாத கோழிக்கும் பக்கத்துக் கோழியிலிருந்து கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். 1991 அக்டோபரில் இதைப் பற்றிய பன்னாட்டுப் பட்டறை கோலாலம்பூரில் நடந்தது. இதே வழியில் பிறந்த ஐ2 என்ற தடுப்பு மருந்து, பின்னர் ஆப்பிரிக்கக் கிராமங்களில் கோழிகளைக் காப்பாற்றியது. ஐனி இடெரிஸ் பிற்காலத்தில் புத்ரா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் ஆனார். தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் புறக்கடைக் கோழிக்கென்று தின்னும் குருணைத் தடுப்பு மருந்தை உருவாக்கியிருக்கிறது. அங்கே ஆண்டுதோறும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடக்கிறது. மக்கள் கூடையில் கோழியோடு வரிசையில் நிற்கிறார்கள்.

இங்கே பத்துக் கோழி வைத்திருப்பவருக்கு இருக்கும் தடை வேறு. சொட்டு மருந்துக் குப்பி நூறு கோழிக்கு, ஐந்நூறு கோழிக்கு என்று வருகிறது. திறந்த குப்பி சில மணி நேரத்தில் வீணாகும். "பத்துக் கோழிக்கு இதெதற்கு?" என்று அவர் விட்டுவிடுகிறார். விடை எளிது, ஆனால் தனியாளால் ஆகாது. ஒரு தெருவில், ஒரு தோட்டத்தில் கோழி வைத்திருப்பவர்கள் ஒரே காலையில் கூடி ஒரு குப்பியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கலந்தால் மருந்து செத்துவிடும் என்பதையும், ஐஸ் பெட்டியில்தான் கொண்டுவர வேண்டும் என்பதையும் மருத்துவர் ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் போதும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை, கண்ணில் ஒரு சொட்டு. குடியிருப்போர் சங்கமும் கோயில் நிர்வாகமும் எத்தனையோ கூட்டம் போடுகின்றன. இதற்கும் ஒன்று போடலாம்.

புதிய கோழி வாங்கினால் மூன்று நான்கு வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே கொட்டகையில் சேர்க்க வேண்டும். இது செலவில்லாத காப்பு. ஆனால் சந்தையிலிருந்து வந்த அன்றே சேவலை உள்ளே விடாத பொறுமைதான் நம்மிடம் அரிது.

அரசின் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது. கோழி செத்ததைச் சொன்னால் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள், கையில் காசு வராது என்ற பயம் இருக்கும்வரை கம்பத்துக்காரர் வாய் திறக்க மாட்டார். பத்துக் கோழிக்காரரின் மாதிரியையும் பண்ணைக்காரரின் மாதிரியைப் போலவே வாங்கி, முடிவை அவருக்குப் புரியும் மொழியில் தொலைபேசியில் சொல்லி, இழப்புக்கு என்ன கிடைக்கும் என்பதை முன்கூட்டியே தெரிவித்தால், நோயின் முதல் செய்தி சந்தைக்குப் போவதற்கு முன்பே இலாகாவுக்கு வந்துசேரும். அப்படி ஒரே ஒரு செய்தி நேரத்தில் வந்திருந்தால், நிப்பா தெற்கே பயணித்திருக்காது என்பதை இந்த நாடு 105 உயிர்களைக் கொடுத்துக் கற்றிருக்கிறது. கோழி விஷயத்தில் அந்தப் பாடத்தை மறுபடி விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.